கல் என்று சொல்லப்பட்ட கட்டி



தாம்பரத்தில் நடக்கும் இந்தச் சொற்பொழிவின் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் போன் செய்தார். "வழக்கமா சர்க்கரை, பிரஷர்னு பேசுவாங்க. நீங்க கிட்னி கேன்சர் மூக்குல வர்றதைப் பத்திப் பேசப் போறீங்களாமே, ஜனங்க பயந்துட மாட்டாங்களா?" என்றார். பயமுறுத்துவது என் தொழில் அல்ல. நான் நாடி பிடித்துப் பார்க்கிற டாக்டரும் அல்ல, பேதாலஜிஸ்ட். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஃபார்மலின் டப்பாவில் மிதந்து வரும் சதைத் துணுக்குதான் என் நோயாளி. அதனோடு ஒரு சீட்டு வரும். பெயர், வயது, உடம்பில் எங்கிருந்து எடுத்தது, இதற்கு முன் என்ன நோய், என்ன ஆபரேஷன். அந்தக் கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்கும், அல்லது தப்பாக இருக்கும். இன்று நான் பேச வந்தது அந்தக் கட்டத்தைப் பற்றி.

2018ஆம் ஆண்டு, மே மாதம், கத்தரி வெயில். முடிச்சூரிலிருந்து ஓர் அம்மா. அவரைப் பற்றிய சில விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியே சொல்கிறேன். மற்ற நோயாளிகளுக்கும் அப்படித்தான். மூக்கிலிருந்து ரத்தம். வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றே: வெயில் சூடு, சில்லுமூக்கு உடைந்திருக்கிறது, தலையில் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றினார்கள். இரண்டு வாரத்தில் ஐந்து முறை ரத்தம் கொட்டியது. காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே பார்த்தபோது இடது பக்கம் செக்கச்செவேலென்று ஒரு சதை. கிள்ளி எடுத்த துணுக்கு எள்ளளவு. அதை எடுத்ததற்குக் கொட்டிய ரத்தத்தை அடைக்க அரை மணி நேரம் ஆனதாம். என்னிடம் வந்த சீட்டில் இப்படி எழுதியிருந்தது: "முந்தைய நோய்: சிறுநீரகக் கல். 2006இல் ஆபரேஷன்."

ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வரிசை வரிசையாக வெள்ளைச் செல்கள், நடுநடுவே மெல்லிய ரத்த நாளங்கள் வலை போல. இந்தப் புறநகரில் வாடகை வீடு பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானதுதான். முந்தைய குடித்தனக்காரர் சாமான்களை லாரியில் ஏற்றிப் போன பிறகு வீடு எப்படி இருக்கும்? சுவர் இருக்கும், அறை இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. இந்தச் செல்களுக்குள் கொழுப்பும் கிளைகோஜனும் நிறைந்திருந்தன. ஸ்லைடு தயாரிக்கும்போது அவை கரைந்து போய்விடுகின்றன. மிஞ்சுவது காலி வீடு. கிளியர் செல் என்று இதற்குப் பெயர். இப்படிப்பட்ட செல் மூக்கில் சொந்தமாகவும் எப்போதாவது முளைக்கலாம். ஆனால் சிறுநீரகப் புற்றில் முக்கால் பங்கு இந்த வகைதான்.

1883இல் பால் கிராவிட்ஸ் என்ற ஜெர்மானியர் இதே காலி வீடுகளைப் பார்த்து ஏமாந்தார். சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் செல்களும் கொழுப்பு நிறைந்தவை. கருவில் வழிதவறிச் சிறுநீரகத்துக்குள் தங்கிவிட்ட அட்ரீனல் துணுக்குகளே பிறகு கட்டியாகின்றன என்று அவர் முடிவு செய்தார். அது தவறு. ஆனால் அந்தத் தவறிலிருந்து பிறந்த ஹைபர்நெஃப்ரோமா என்ற பெயர் போக மாட்டேன் என்றது. உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் பழைய ரிப்போர்ட்டில் அந்தச் சொல் இருந்தால், அது ஏதோ புதுவித நோய் அல்ல, சிறுநீரகப் புற்றுதான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சிறுநீரகத்திலிருந்து மூக்குக்கு எப்படி வழி? இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஏறக்குறைய 300 கிராம். இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இந்த 300 கிராமுக்குப் போகிறது. அத்தனை ரத்தம் பாயும் இடத்தில் முளைக்கும் கட்டிக்குச் சிரைக்குள் நுழைவது பெரிய காரியமில்லை. சிறுநீரகச் சிரைக்குள் விரலாக நீண்டு, பெருஞ்சிரைக்குள் ஏறி, சிலருக்கு இதயத்தின் வலது அறைவரைகூட அது எட்டிப்பார்க்கும். அங்கிருந்து உதிரும் செல்லுக்கு முதல் ஸ்டேஷன் நுரையீரல். அடுத்து எலும்பு, நிணநீர்க் கணு, ஈரல், மூளை. இது கடற்கரை–தாம்பரம் லைன் மாதிரி. 1931இலிருந்து மின்சார ரயில் ஓடும் தடம். எந்த ஸ்டேஷனுக்குப் பிறகு எது என்று குழந்தையும் சொல்லும்.

ஆனால் நுரையீரல் சுத்தமாக இருக்க, மூக்கில் மட்டும் வருவானேன்? ஜி.எஸ்.டி. ரோடு அடைத்துக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? கேம்ப் ரோடு, சேலையூர், மேடவாக்கம் என்று சுற்றிக்கொண்டு நகருக்குள் போய்விடுவதில்லையா? உடம்பிலும் அப்படி ஒரு சுற்றுவழி உண்டு. 1940இல் ஆஸ்கர் பேட்சன் என்ற அமெரிக்க உடற்கூறியல் ஆசிரியர் அதன் முக்கியத்துவத்தைக் காட்டினார். முதுகெலும்பை ஒட்டி இடுப்பிலிருந்து மண்டையோடுவரை போகும் சிரை வலை அது. அதற்கு வால்வு கிடையாது. ஒருவழிப் பாதை என்ற சட்டமும் கிடையாது. இருமினால், முக்கினால், கனமான குடத்தைத் தூக்கினால் வயிற்றில் அழுத்தம் கூடும். ரத்தம் அந்த வலைக்குள் திரும்பும். நுரையீரலைத் தொடாமலே தலைக்கும் கழுத்துக்கும் போய்ச் சேர அது ஒரு வழி.

சாலையை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட் 1889இல், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டினார். ஈரலில் நோய் மிகுதி. ஏராளமாக ரத்தம் பாயும் மண்ணீரலில் அபூர்வம். காற்று எல்லாத் திசையிலும் விதையைத் தூவலாம், ஏற்ற மண்ணில்தான் அது முளைக்கும் என்றார். சிறுநீரகப் புற்றுக்கு அந்த மண் எங்கெங்கே வாய்க்கிறது என்று பாருங்கள். வேறெங்கோ பிறந்து தைராய்டுக்கு வந்து கழுத்தில் வீக்கமாகத் தெரியும் புற்றுகளில் முன்வரிசையில் நிற்பது சிறுநீரகப் புற்றுதான். கழுத்தெலும்புக்குக் கீழே பிறந்து மூக்குக்கு ஏறி வரும் புற்றுகளிலும் அதற்கே முதலிடம். கணையம், பித்தப்பை, உமிழ்நீர்ச் சுரப்பி, நாக்கு, கண்குழி, தொடைச் சதை, விரல் நுனி என்று பட்டியல் நீளும். விரல் நுனியில் வந்தால் நகச்சுற்று என்று எலுமிச்சம்பழம் செருகிக்கொண்டிருப்போம்.

தோலில் வருவது பெரும்பாலும் உச்சந்தலையிலும் முகத்திலும். குரோம்பேட்டைக்காரர் ஒருவர் திருப்பதியில் மொட்டை போட்டுக்கொள்ள உட்கார்ந்தார். கத்தி ஒரு சின்ன முண்டில் பட்டது. ரத்தம் பீறிட்டு, படிகாரம் வைத்தும் நிற்கவில்லை. அந்த முண்டு நாடிபோலத் துடித்ததை முதலில் சொன்னவர் சவரத் தொழிலாளிதான். "இது மச்சம் இல்ல சாமி, ஆஸ்பத்திரியில காட்டு" என்று அவர் தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னாராம். பிறகு வயிற்றை ஸ்கேன் செய்தபோது வலது சிறுநீரகத்தில் எலுமிச்சம்பழ அளவில் கட்டி. சிறுநீரில் ரத்தம், விலாவில் வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி என்று புத்தகங்கள் மூன்று அறிகுறிகளைச் சொல்லும். அந்த மூன்றும் ஒன்றாக அமைவது பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. இவருக்கு ஒன்றுமே இல்லை.

ஏன் துடித்தது, ஏன் அவ்வளவு ரத்தம் என்பதற்கு விடை மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது. 1993இல் அடையாளம் கண்ட விஎச்எல் என்ற மரபணு அது. செல்லுக்குப் போதுமான ஆக்சிஜன் கிடைக்கும்போது, ரத்த நாளங்களை வரவழைக்கும் குரலை அடக்கிவைப்பது அதன் வேலை. கிளியர் செல் புற்றில் பெரும்பாலும் இது பழுதாகிவிடுகிறது. மூச்சு முட்டாத செல் மூச்சு முட்டுவதாகக் கத்திக்கொண்டே இருக்க, புது நாளங்கள் வந்து குவிகின்றன. செல் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நாளங்களை அடைக்கும் சொராஃபெனிப், சுனிடினிப் மாத்திரைகள் 2005, 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அதற்கு முன்பு கைவசம் இருந்த கீமோ மருந்துகள் இந்தப் புற்றிடம் ஏறக்குறைய தோற்றுத்தான் போயிருந்தன. இப்போது நம் நோய் எதிர்ப்புச் செல்களைத் தட்டியெழுப்பும் ஊசிகளும் உண்டு. விலையைப் பற்றி இந்த மேடையில் பேசினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

குரோம்பேட்டை என்றதும் கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, குரோமியத்தாலா என்று கேட்பார். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயர் குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்தது. குரோமியத்தின் ஆறு இணைதிற வடிவத்தோடு உறுதியாகத் தொடர்புபட்டது நுரையீரல் புற்று. சிறுநீரகப் புற்றுக்கு நாம் கைநீட்ட வேண்டியது புகைபிடித்தல், உடல்பருமன், உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றை. தொழிற்சாலைகளில் உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் என்ற திரவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாம்பரத்தில் நின்றுகொண்டு நுரையீரலை அவசரமாகத் தாண்டிப் போக முடியாது. சானடோரியம் என்பது நமக்கு ஒரு ரயில் நிலையத்தின் பெயர். 1928இல் டாக்டர் சௌரி முத்து இங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனைதான் அந்தப் பெயருக்குக் காரணம். 1937இல் அதை அரசு எடுத்துக்கொண்டது. என் சிறு வயதில் ஒருவர் இருமினால், "தாம்பரம் போய்க் காட்டு" என்பார்கள். அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்தப் பழக்கம் எங்கள் கண்ணிலும் உட்கார்ந்துவிட்டது. எக்ஸ்ரேயில் நிழல் விழுந்து சளியில் ரத்தமும் வந்தால் முதலில் நினைப்பது டிபி. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். பம்மலில் ஒருவருக்குச் சளியில் கிருமி தெரியாமலே டிபி மருந்து தொடங்கி நான்கு மாதம் ஓடியது. நிழல்கள் கரையவில்லை, பீரங்கிக் குண்டு போல உருண்டு திரண்டிருந்தன. பயாப்சியில் அதே காலி வீடுகள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இடது சிறுநீரகத்தை எடுத்த தழும்பு அவர் விலாவில் சாய்வாக ஒரு சாண் நீளத்துக்கு இருந்தது. சட்டையைக் கழற்றச் சொல்லி யாரும் பார்க்கவில்லை.

சௌரி முத்துவைச் சொன்னதால் ஒன்று. தாம்பரத்துக்கு வருவதற்கு முன் அவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் ஒரு சானடோரியம் நடத்தினார். முதல் உலகப் போர்க்காலத்தில் அங்கே அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் ஒருவர் கணிதமேதை ராமானுஜன். காசநோய் என்று சொல்லித்தான் அவருக்கு வைத்தியம் நடந்தது. 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார். 1994இல் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் பழைய குறிப்புகளை எல்லாம் ஆராய்ந்து, அது காசநோய் அல்ல, ஈரலில் அமீபா நோயாக இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார். அவர் பிடித்துக்கொண்ட நூல் ராமானுஜனுக்கு இளம் வயதில் வந்த சீதபேதி. குடலில் வந்த அமீபா பல ஆண்டு ஒளிந்திருந்து ஈரலில் தலைகாட்டக்கூடியது. யங் சொன்னது சரியா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. சென்னையில் வந்த பேதியை இங்கிலாந்து மருத்துவரின் சீட்டில் யார் எழுதியிருப்பார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஒளிந்திருப்பதில் சிறுநீரகப் புற்று அமீபாவையும் தோற்கடிக்கும். கண்டுபிடிக்கும்போதே நான்கில் ஒருவருக்கு அது பரவியிருக்கிறது. மற்றவர்களுக்கு ஆபரேஷனோடு முடிந்துவிட்டது என்றே தோன்றும். பலருக்கு உண்மையிலேயே முடிந்தும்விடுகிறது. திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் ஐந்து ஆண்டுக்குள். ஆனால் பத்து, பதினைந்து, இருபது ஆண்டு கழித்து வருவதும் உண்டு. முக்கியமாகக் கணையத்துக்கும் தைராய்டுக்கும் அது நிதானமாகத்தான் வருகிறது. அதுவரை அந்தச் செல்கள் எங்கே, எப்படிப் படுத்துக் கிடந்தன என்பது இன்னும் துலங்கவில்லை. கணையத்தில் மட்டும் வந்தவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் இருக்கிறார்கள் என்பது எங்கள் துறையில் எல்லோரும் பார்த்த விஷயம். கணையத்திலேயே பிறந்த புற்று என்று தப்பாக நினைத்துக் கைவிரித்தால் அது அநியாயம்.

பரவிவிட்டது என்றாலே கதை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு பாஸ்டன் பெண் ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும். 1930களில் அவருக்குச் சிறுநீரகத்தில் ஒரு கட்டியும் அதிலிருந்து நுரையீரலில் ஒரே ஒரு கட்டியும் இருந்தன. பார்னி, சர்ச்சில் என்ற இருவர் இரண்டையும் வெட்டி எடுத்து, 1939இல் அதைப் பதிப்பித்தார்கள். அந்தப் பெண் 23 ஆண்டுகள் வாழ்ந்து இதய நோயில் இறந்தார். எல்லோருக்கும் இப்படி அமையாது. ஆனால் ஒற்றை இடத்தில், வெகுகாலம் கழித்து வந்தால் கத்தியை எடுப்பதற்கு நியாயம் இருக்கிறது. அதற்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

தெரிவதற்குத்தான் அந்தச் சீட்டு. அது ஏன் தப்பாக வருகிறது? டாக்டர்களின் அவசரம் பாதிக் காரணம். என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. மீதிப் பாதி நம் வீடுகளில் இருக்கிறது. அப்பாவுக்குக் கேன்சர் என்றால் அப்பாவுக்குச் சொல்வதில்லை. வார்டு வராந்தாவில் பிள்ளைகள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொள்வார்கள்: "அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார், மனசு விட்டுடுவாங்க." பாசம்தான், சந்தேகமில்லை. ரிப்போர்ட் மூத்த மகன் வீட்டுப் பீரோவில் பூட்டப்படும். மகன் துபாய்க்குப் போவார், வீடு மாறுவார்கள், மருமகளுக்கு விஷயமே தெரியாது. பத்து வருடம் கழித்துப் புதிய டாக்டர் முன்னால் உட்காரும் பெரியவர், தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் சொல்வார். புற்று தான் எங்கே பிறந்தது என்பதை மறக்காமல் அதே முகத்தோடு திரும்பி வருகிறது. மறந்துபோக நாம்தான் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம்.

இந்தப் பக்கத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் முதல் மாடிவரை தண்ணீர் ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். ரேஷன் கார்டுக்கும் பத்திரத்துக்கும் நகல் வாங்கினார்கள். பயாப்சி ரிப்போர்ட்டுக்கு யார் நகல் கேட்டார்கள்? ஆகவே ஒரு வேண்டுகோள். கட்டி என்று எதை வெட்டி எடுத்தாலும் அந்த ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனில் வையுங்கள். முடிந்தால் ஸ்லைடையும் மெழுகில் புதைத்த சதைத் துணுக்கையும் கேட்டு வாங்குங்கள். பிளாக் என்று கேட்டால் லேபில் புரிந்துகொள்வார்கள். எத்தனையோ ஆண்டு கழித்தும் அந்த மெழுகுத் துண்டை மறுபடி சீவிப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள், உருகிவிடும்.

முடிச்சூர் அம்மாவிடம் திரும்பி வருகிறேன். ஸ்லைடில் பாக்ஸ்-8 என்ற சாயம் போட்டுப் பார்த்தேன். சிறுநீரகச் செல்லின் கரு பிடிக்கும் சாயம். கருக்கள் பழுப்பாக ஒளிர்ந்தன. கல்லுக்கான ஆபரேஷன் என்று எழுதியிருக்கிறதே என்று மகனுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. டி.வி. ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு அவர் வாசலுக்கு வந்திருக்க வேண்டும், பைக் சத்தம் கேட்டது. "கல்லு இல்ல சார். கட்டி. ஒரு பக்கக் கிட்னியையே எடுத்துட்டாங்க. அம்மாவுக்குத் தெரியாது" என்றார். ஃபைல் வெள்ளத்தில் போயிருந்தது. ஒரு நகல் திருச்சியில் அக்கா வீட்டில் இருந்தது. வாட்ஸ்அப்பில் வந்தது, மங்கலான ஜெராக்ஸ்தான், ஆனாலும் கிளியர் செல் என்ற சொல்லைப் படிக்க முடிந்தது.

வேறெங்கும் நோய் இல்லை என்று ஸ்கேன் சொன்னது. மூக்குக்கு வரும் ரத்த நாளத்தை முதலில் உள்ளிருந்தே அடைத்துவிட்டு மறுநாள் சதையை எடுத்தார்கள். இம்முறை அதிகம் ரத்தம் போகவில்லை. இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வர வேண்டும், அதனால் அவருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றார் மருத்துவர். மகன் தயங்கினார். வழக்கத்துக்கு மாறாக என்னையும் கூப்பிட்டார்கள், ஸ்லைடைப் பார்த்தவர் என்பதால்.

அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். 2006இல் எடுத்தது கல் அல்ல, கட்டி, அந்தக் கட்டிதான் இப்போது மூக்கில் வந்தது, எடுத்தாகிவிட்டது. மகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா அழவில்லை. பன்னிரண்டு வருடமாக வாரம் இரண்டு நாள் வெறும் வயிற்றில் வாழைத்தண்டுச் சாறு குடித்திருக்கிறார். கல் திரும்பி வரும் என்று தக்காளியையும் பசலைக்கீரையையும் தொட்டதில்லை. ரசம்கூடத் தனியாகப் புளியில் மட்டும் வைத்துக்கொள்வாராம்.

"அப்ப நான் தக்காளி சாப்பிட்டிருக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார்.

சாப்பிட்டிருக்கலாம் அம்மா என்றேன்.